வளையம் குடித்த தண்ணீர்

கோயம்புத்தூர்
4 ஜனவரி 2025

திரு. வளவன் அவர்களுக்கு,

வணக்கம்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். அதனால் கடிதம். இதில் குறுக்கே பேச முடியாது.

செப்டம்பரில் விருத்தாசலம் கோர்ட்டில் நாம் சேர்ந்து போட்ட மனு மார்ச் 17 அன்று மறுபடி வருகிறது. அன்று இருவரும் நேரில் நின்று, பிரிய சம்மதம் என்று இன்னொரு முறை சொல்ல வேண்டும். அதுவரை அந்த வீட்டுக்கு நான் வருவது சரியாக இருக்காது.

ஆனால் என் ஆராய்ச்சியின் கடைசிப் பருவம் உங்கள் நிலத்தில் இருக்கிறது. மங்கலம்பேட்டை ரோட்டுக் கரிசல். போன இரண்டு வருடமும் நாம் சேர்ந்து அளந்த அதே உழவுச் சால்கள். வேறு நிலத்துக்கு மாறினால் அந்த இரண்டு வருடமும் வீண்.

கேள்வி பழையதுதான். தண்ணீர் பாய்ச்சும்போது மண் எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது? முதலில் வேகமாக. பிறகு குறையும். பிறகு மாறாத ஒரு வேகத்தில் நிற்கும். அந்த வேகம் தெரிந்தால் எப்போது மடையை அடைக்கலாம் என்று சொல்லிவிடலாம்.

கொட்டகையில் இரண்டு இரும்பு வளையங்கள் இருக்கும். பெரியதற்குள் சிறியதை வைத்து மண்ணில் இறக்கி, தண்ணீர் ஊற்றி, சிறியதற்குள் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். உங்களுக்குத் தெரியும். இந்த மக்காச்சோளத்துக்கு மூன்று தண்ணீர் விடுவீர்கள் அல்லவா? மூன்று முறையும் அளந்து அனுப்ப முடியுமா?

ஒரே நிபந்தனை. வயலைத் தவிர வேறெதுவும் எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
அன்புக்கரசி

பி.கு.: அத்தையின் முட்டிவலி வயல் சம்பந்தப்பட்டதா என்று தெரியவில்லை. சம்பந்தப்பட்டது என்றால் எழுதலாம்.


விருத்தாசலம்
19 ஜனவரி 2025

அன்புக்கரசிக்கு,

அம்மா களையெடுக்க வயலுக்கு வருகிறார். ஆகவே முட்டி வயல் சம்பந்தப்பட்டதே. பரவாயில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மட்டும் ஆள் வேண்டும்.

வளையங்களுக்கு வருகிறேன். பெரியதற்குள் கோழிக்குஞ்சுகள் இருக்கின்றன. சிறியது முருங்கைக் கன்றைச் சுற்றி நிற்கிறது. எடுக்கப் போனேன். அம்மா விடவில்லை.

"அந்த இரும்ப எடுத்தீன்னா குஞ்சுங்கள பருந்து தூக்கிட்டுப் பூடும். அப்புறம் ஒம் பொண்டாட்டி வந்து பொறிச்சுக் குடுப்பாளா?"

அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். (இது வயலுக்குப் பக்கத்தில் நடந்தது. நிபந்தனைக்குள் வரும்.)

சூளையில் வேலை செய்கிறவன் இரும்புக்கு ஏன் கெஞ்ச வேண்டும்? கம்பெனியில் பீங்கான் ஃபியூஸ் கட்டைக்கு அரைத்த களிமண் மிச்சம் இருந்தது. இரண்டு வளையம் செய்து, அடி விளிம்பைக் கத்தி மாதிரி சீவி, போன சூட்டில் வைத்து எடுத்தேன். ஹமீது அண்ணன் சூளைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "அடியில்லாத பானைய எவண்டா வாங்குவான்?" என்றார். சவூதியில் பத்து வருடம் இருந்தவர். எதையும் விலை கேட்காமல் பார்க்க மாட்டார்.

சுத்தியலால் அடித்தால் உடையும். அதனால் மண்ணைக் கொஞ்சம் நனைத்து, வளையத்தின் மேல் பலகை போட்டு, பக்கத்து நிலத்து மாயவன் அண்ணனை அதன் மேல் உட்காரச் சொன்னேன். "நானு ஒக்காரணும், எதுக்குன்னு கேக்கக்கூடாது, அப்படித்தானே?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். நன்றாக இறங்கியது. பங்குக் கிணற்றில் நம் தண்ணீர் முறைக்கு அவரை இவ்வளவு சுலபமாக இறக்க முடிந்ததில்லை.

முதல் தண்ணீர், நேற்று. மட்டம் இறங்கியது, மில்லிமீட்டரில்:

5 நிமிடத்தில் 31
10-ல் 44
20-ல் 55
30-ல் 66
60-ல் 79

மண்ணுக்கு இந்த வருடம் நல்ல தாகம்.

வளவன்


கோயம்புத்தூர்
25 ஜனவரி 2025

வளவன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நன்றி. வளையங்களின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கலாம்.

இரண்டு சந்தேகம்.

ஒன்று. முதல் ஐந்து நிமிடத்தில் 31. போன வருடம் அதே இடத்தில் 17. ஆனால் அதற்குப் பிறகு இறங்குவது போன வருடத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஆரம்பம் மட்டும் எங்கோ தவறு. ஓரத்தில் கசிந்ததா?

இரண்டு. பத்தாவது நிமிடத்தில் 44. முப்பதாவதில் 66. இருபதாவதில் 55. சரியாக நடுவில். மண் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. வேகம் குறைந்துகொண்டே போகும்போது நேரத்தின் பாதியில் தண்ணீரின் பாதி வராது, பாதிக்கு மேல் வர வேண்டும். இருபதாவது நிமிடத்தில் நீங்கள் அங்கே இருந்தீர்களா?

அளக்காததை எழுதாதீர்கள்.

கேட்டவர்களிடமெல்லாம் "படிப்பு முடிஞ்சிடும், இன்னும் ஆறு மாசத்துல வந்துடுவா" என்று எனக்காகச் சொன்னீர்களே. ஒவ்வொரு கல்யாணத்திலும். ஒவ்வொரு காதுகுத்திலும். அதுவும் இப்படித்தான். என்னைக் கேட்கவில்லை. முன்னையும் பின்னையும் பார்த்து நடுவைப் போட்டீர்கள். பிறகு ஆறு மாதம் ஆனதும் நான் வார்த்தை தவறியவள்.

நிபந்தனையை நானே மீறிவிட்டேன். மேலே உள்ள பத்தியை அடிக்கலாம் என்று பார்த்தேன். அடித்தாலும் படிக்க முடியும், விட்டுவிட்டேன்.

அன்புக்கரசி


விருத்தாசலம்
1 பிப்ரவரி 2025

அன்புக்கரசிக்கு,

ஓரத்தில் கசியவில்லை. வளையமே குடித்திருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்ததும் கழற்றி வந்து காயவைத்து எடை போட்டேன். பிறகு ஒரு ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறவைத்து மறுபடி போட்டேன். சிறிய வளையம் மட்டும் முக்கால் லிட்டருக்கு மேல் உள்ளே வைத்திருந்தது. ஒரு சூட்டோடு எடுத்த களி அப்படித்தான், எதைக் கொடுத்தாலும் உறிஞ்சும். கண்ணாடி மாதிரி கிளேஸ் பூசி இரண்டாவது சூடு கொடுத்தால்தான் வாயை மூடும். எனக்கு இது தெரியாதா? பதினோரு வருடமாக இதுதான் என் சோறு. சனிக்கிழமை தண்ணீருக்குள் வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு சூட்டோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஹமீது அண்ணன் தராசைப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார்.

"ஒம் மண்ணு குடிக்கலடா. ஒம் பானை குடிச்சிருக்கு."

"ஆமாண்ணே."

"சூளைக்குள்ளயே கெடக்குறவன் கிளேஸ மறந்துட்டேன்னு டீக்கடையில போயி சொல்லிராத. நம்ம கம்பெனி ஃபியூஸ் கட்டைய ஒருத்தனும் வாங்க மாட்டான்."

அவரே டீக்கடையில் சொல்லிவிட்டார். இப்போது ஜங்ஷன் ரோட்டில் என் பெயர் அடியில்லாத பானை.

இருபதாவது நிமிடம்: சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பியபோது நேரம் கடந்திருந்தது. 44-ஐயும் 66-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தேன். அந்த எண்ணை அடித்துவிடு.

நீ அடிக்காமல் விட்ட பத்தி: மூன்று தடவை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தேன். நான் என்ன எழுதினாலும் அதுவும் இப்போதைக்கு அளக்காததாகத்தான் இருக்கும். அதனால் எழுதவில்லை.

முதல் தண்ணீர் போனது போனதுதான். இரண்டாவதுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்.

வளவன்


கோயம்புத்தூர்
8 பிப்ரவரி 2025

வளவனுக்கு,

நூலகத்தில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். எதிர் மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள். எட்டு மாதமாக அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

முதல் வரிசையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. வளையம் குடித்ததைக் கழித்தால் போன வருடத்துக்குப் பக்கத்தில் வருகிறது. கீழே ஒரு குறிப்பு போட்டுவிடுகிறேன். 'வளையமும் குடித்தது.' பேராசிரியர் என்ன சொல்வாரோ.

ஆனால் யோசித்தேன். வளையத்தில் தண்ணீர் நிற்கிறது. சாலில் ஓடுகிறது. இரண்டும் வேறு. ஓடும்போதே அளக்க ஒரு வழி இருக்கிறது. வளையம் வேண்டாம், குச்சி போதும்.

ஒரு சாலைத் தேர்ந்தெடுங்கள். பாதியில் ஒரு குச்சி. கடைசியில் ஒரு குச்சி. மடையைத் திறக்கும்போது மணி பாருங்கள். தண்ணீரின் தலை பாதிக்கு வரும்போது பாருங்கள். கடைசியைத் தொடும்போது பாருங்கள். வாயில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதை ஒரு வாளி நிரம்பும் நேரத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். சாலில் எவ்வளவு ஆழம் நிற்கிறது என்றும் பாருங்கள்.

விட்டதில் வெளியே தெரிவதைக் கழித்தால் மீதி மண்ணுக்குள் போனது. உள்ளே போய் யாரும் பார்க்க வேண்டியதில்லை. தண்ணீர் நடக்கும் வேகத்திலேயே அது தெரிந்துவிடும். பாதிக்குச் சீக்கிரம் வந்து கடைசிக்கு வரத் திணறினால் ஒரு மாதிரி மண். இரண்டுக்கும் ஒரே நடையில் வந்தால் வேறு மாதிரி.

இதற்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது. பாதியில் ஒருவர், கடைசியில் ஒருவர். தனியாக என்றால் தண்ணீர் கூடவே நடக்க வேண்டியிருக்கும்.

என் போன கடிதத்தின் குரல் எனக்கே பிடிக்கவில்லை. சொன்ன விஷயத்தைத் திரும்பப் பெறவில்லை.

அன்புக்கரசி


விருத்தாசலம்
20 பிப்ரவரி 2025

அரசிக்கு,

தண்ணீர் கூட நடந்தேன்.

இதற்கு முன் நடந்ததே இல்லை என்று நடக்கும்போதுதான் தெரிந்தது. மடையைத் திறந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து போன் பார்ப்பேன். கடைசியில் ஈரம் தெரிந்தால் மாற்றிவிடுவேன். அதன் தலையை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. நுரையும் சருகும் ஒரு எறும்புக் கூட்டமும் அதற்கு முன்னால் ஓடுகின்றன. வெடிப்பு வந்ததும் நின்றுவிடுகிறது. உள்ளே இறங்குகிறது. நான் நிற்கிறேன். ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிறது. வெடிப்பு நிரம்பியதும் மறுபடி கிளம்புகிறது. நிற்கும் இடத்தில்தான் அதிக வேலை நடக்கிறது போல.

எண்களைத் தனித் தாளில் இதோடு வைத்திருக்கிறேன். அதில் ஒரு இடம் காலி.

பாதிக் குச்சிக்குக் கொஞ்சம் முன்னால் எலி வளை ஒன்று உடைந்து தண்ணீர் அடுத்த சாலுக்குப் போனது. மண் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டு நிமிர்ந்தபோது பாதிக் குச்சி நனைந்திருந்தது. எவ்வளவு நேரத்துக்கு முன் நனைந்தது என்று தெரியாது. ஈரத்தைப் பார்த்து ஒரு நேரம் சொல்லியிருக்கலாம். பெரிய தப்பாகவும் இருந்திருக்காது. ஒரு கோடு போட்டு விட்டிருக்கிறேன். நானாக எழுதவில்லை.

மாயவன் அண்ணன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, தண்ணி போறதுக்கு வழி தெரியாதா? கையப் புடிச்சி கூட்டிட்டுப் போற?"

"எவ்ளோ நேரத்துல போவுதுன்னு பாக்கணும்ண்ணே."

"அத வுடு. ஒம் பொண்டாட்டி எப்ப வருது?"

"அவளத்தான் கேக்கணும்ண்ணே."

"அப்ப நீ யாருடா?"

"நானு இங்க தண்ணி பாக்குறவன்."

குனிந்து நான் அடைத்த இடத்தைப் பார்த்தார். அப்புறம், "எலி வளைய இன்னும் நல்லா மிதி, ஒழுவுது பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வளவன்


கோயம்புத்தூர்
26 பிப்ரவரி 2025

வளவனுக்கு,

அட்டவணையைப் பேராசிரியரிடம் காட்டினேன். கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இங்க ஒரு நம்பர் போட்டுடலாமே? முன்னாடி பின்னாடி வெச்சு?"

"வேணாம் சார்."

"ஏன்?"

"அளந்தவரு போடல சார்."

அவர் விரலை எடுத்துவிட்டார். எனக்கு அறைக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கோடு கண்ணில் இருந்தது. மூன்று வருட அட்டவணையில் நான் முழுக்க நம்புகிற ஒரே இடம் அது என்று தோன்றுகிறது.

மாயவன் அண்ணனிடம் நீங்கள் சொன்ன பதிலை இரண்டு முறை படித்தேன்.

பாதி தெரியாததால் இரண்டாவது தண்ணீரில் ஓரளவுக்கு மேல் கணக்குப் போட முடியவில்லை. எல்லாம் மூன்றாவதில் இருக்கிறது. அதற்குள் பயிர் ஆளை மறைக்கும். பாதியில் நின்றால் கடைசி தெரியாது. சோளத்துக்குள் தண்ணீரோடு நடக்கவும் முடியாது. கண்டிப்பாக இரண்டு பேர் வேண்டும். யாராவது கிடைப்பார்களா?

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். முட்டியை அல்ல, அத்தையை.

அன்புக்கரசி


விருத்தாசலம்
6 மார்ச் 2025

அரசிக்கு,

அம்மாவிடம் சொன்னேன். "கேட்டாளா?" என்றார். "என்னான்னு கேட்டா?" என்றார். சும்மா கேட்டாள் என்றேன். "சும்மா எவளாவது கேப்பாளா?" என்று சொல்லிவிட்டு, முருங்கையைச் சுற்றி இருந்த உன் சின்ன வளையத்தைக் கழற்றிக் கழுவிக் கொட்டகையில் வைத்தார். பெரியதற்கு இன்னும் அனுமதி இல்லை.

இப்போது சிக்கல். மூன்றாவது தண்ணீருக்குக் கிணற்றில் நம் முறை 17-ந் தேதி, திங்கட்கிழமை. அந்த வாரம் மோட்டாருக்கான கரண்டும் பகலில்தான், பத்து மணிக்கு மேல். கோர்ட்டில் நம்மைக் கூப்பிடுவதும் அன்று பத்தரைக்கு.

மாயவன் அண்ணனிடம் முறையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"அன்னைக்கு கோர்ட்டு."

"பொண்டாட்டிய வுடறதுக்கு எந் தண்ணியக் கேக்குறியா? குடுக்க மாட்டேன் போ. வேற எதுக்குன்னாலும் கேளு, நாளைக்கே எடுத்துக்கோ."

நான் கோர்ட்டுக்கு வந்துவிடுவேன். நீ கேட்டது அது. அம்மா மடை மாற்றிவிடுவார், பயிர் காயாது. அளவு மட்டும் போகும். ஹமீது அண்ணனுக்கு அன்று சூளை இறக்குகிற நாள், வேறு ஆள் இல்லை. உன் மூன்றாவது வரிசை முழுக்கக் காலியாக இருக்கும். அதையும் நான் நானாக நிரப்பமாட்டேன். மூன்று வருடம் உழைத்ததன் கடைசி வரி என்று தெரியும். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

இன்னொன்று. உனக்காகவே பேசிக்கொண்டிருந்ததில் என்னுடையதைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். கோர்ட்டில் கேட்டபோதும் நீ தலையாட்டுவதைப் பார்த்து நானும் ஆட்டினேன்.

எனக்குப் பிரிய விருப்பமில்லை. நீ இங்கேயே வந்து இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கே இருப்பது, எத்தனை நாள் என்பது எனக்கும் தெரியவில்லை. விருப்பமில்லை என்பது மட்டும் தெரியும்.

இது என் அளவு. உன்னுடையதை நீதான் எழுத வேண்டும். 17-ந் தேதி நீ என்ன சொன்னாலும் குறுக்கே பேசமாட்டேன்.

வளவன்


கோயம்புத்தூர்
11 மார்ச் 2025

அன்புள்ள வளவன்,

இந்தக் கடிதத்தை நான்கு முறை தொடங்கினேன். நீளமாக வந்தது. கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

நேற்று வக்கீலுக்குப் போன் செய்தேன். 17-ந் தேதி எங்களால் வர முடியாது என்றேன்.

"யாரால வர முடியாதும்மா? உங்களாலயா, அவராலயா?"

"ரெண்டு பேராலயும் சார்."

"என்ன காரணம் சொல்றது?"

"அன்னைக்கு எங்களுக்குத் தண்ணி முறை சார்."

அவர் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"தண்ணி பாய்ச்ச ரெண்டு பேரும் போவணுமா?"

"ஆமா சார். ஒருத்தரால முடியாது."

அவர் சிரித்தார். இதை நீதிபதியிடம் எப்படிச் சொல்வேன் என்றார். எப்படியோ சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன். தேதி ஜூனுக்குத் தள்ளிப்போகும் என்கிறார். மனு அப்படியே இருக்கிறது. முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தொடங்கிவிட்டதாகவும்.

என் அளவைக் கேட்டீர்கள். எனக்கு இன்னும் நிலையான எண் வரவில்லை. போன செப்டம்பரில் எடுத்தது முதல் ஐந்து நிமிடத்து எண் என்று இப்போது தோன்றுகிறது. அதை வைத்து முடிவு எழுதினால் எந்தப் பேராசிரியரும் ஏற்கமாட்டார். நின்று பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாராவது கேட்டால் அப்படியே சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சேலம் வந்து தோழி வீட்டில் தங்குகிறேன். திங்கள் காலை விருத்தாசலம் வண்டியில் வருகிறேன். நேராக வயலுக்கு வருகிறேன். ஜங்ஷனுக்கு வர வேண்டாம், ஆட்டோ கிடைக்கும். நீங்கள் மோட்டார் பக்கம் இருங்கள்.

எலி வளைகளை முதல் நாளே பார்த்து மிதித்துவையுங்கள். வாளியும் இரண்டு குச்சியும் போதும். ஹமீது அண்ணனிடம் சொல்லி அந்த அடியில்லாத பானைகளுக்குக் கிளேஸ் போட்டு வையுங்கள், வரும் பருவத்துக்கு ஆகும். பெரிய இரும்பு வளையம் குஞ்சுகளிடமே இருக்கட்டும்.

மாயவன் அண்ணனுக்கு என் வணக்கம். தண்ணீர் கொடுக்காததற்கு நன்றி என்று சொல்லுங்கள்.

மடையை நீங்கள் திறங்கள். திறந்துவிட்டுப் பாதிக் குச்சிக்கு வந்துவிடுங்கள். நான் கடைசியில் நிற்கிறேன். சோளம் மறைக்கும், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. தண்ணீர் உங்களைத் தாண்டியதும் ஒரு குரல் கொடுங்கள்.

எனக்குக் கேட்கும்.

அரசி